செண்பகவல்லியின் பேச்சு இருக்கும் இடம்

மரியாதைக்குரிய மச்சான் சொரிமுத்து அவர்களுக்கு,

ஆரியசாலையிலிருந்து தளவாய் வணங்கி எழுதிக்கொண்டது. நானும் உங்கள் தங்கை செண்பகமும் இங்கு நலம். பொன்முடியில் உங்கள் எஸ்டேட் லயத்துக்குப் போன் எட்டாததால் விவரமாகவே எழுதுகிறேன். பதற வேண்டாம், ஆபரேஷன் முடிந்துவிட்டது.

என்ன ஆபரேஷன் என்று கேட்பீர்கள். செண்பகத்துக்கு மூளையில் இடது பக்கம் ஒரு கட்டி. போன மாதம் மீன்காரி ரோஸிடம் பேரம் பேசும்போது, பாதியில் வார்த்தை கிடைக்காமல் முழித்து, கேட்ட விலைக்கே வாங்கிவிட்டாள். அன்று முழுக்க என் பேச்சுக்கும் எதிர்ப்பேச்சு இல்லை. நான் சந்தோஷப்பட்டேன் மச்சான், அந்தப் பாவம் என்னை விடாது.

கட்டி, பேச்சு உண்டாகிற இடத்தை ஒட்டி இருக்கிறது, அந்த இடத்தை முதலில் எம்.ஆர்.ஐ.யில் கண்டுபிடிக்க வேண்டும் என்றார் டாக்டர் ஷெமி. குழாய்க்குள் படுக்கவைத்து, காட்டுகிற படங்களின் பெயரை மனசுக்குள் சொல்லச் சொன்னார்கள். அப்போது மூளையில் எந்த இடம் வேலை செய்கிறதோ அது கம்ப்யூட்டரில் சிவப்பாகத் தெரியுமாம். வெளியே வந்தவள், "உள்ள உங்களயும் கொஞ்சம் திட்டுனேன், அதும் படத்துல வந்திருக்குமோ?" என்று பயந்தாள். டாக்டர் சிரித்துவிட்டு, "திட்டினாலும் மதி, போதும் அம்மா, அதும் பேச்சுதானே" என்றார்.

ஆபரேஷனின்போதும் விழித்திருந்து படங்களுக்குப் பெயர் சொல்ல வேண்டுமாம். முன்கூட்டியே ஒத்திகை பார்த்தார்கள். தம்ளரில் தண்ணீர் இருக்கும் படத்தைப் பார்த்து இவள் "வெள்ளம்" என்றாள். "டாக்டர், தப்பாச் சொல்லுதா! வெள்ளம்னா ஆத்துல வாறதுல்லா!" என்று நான் குதித்தேன். மலையாளத்தில் அதுதான் தண்ணீர் என்பது முப்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிற எனக்கு அந்த நேரம் மறந்துபோச்சு. பிறகு அவள் வீட்டில் எதை எப்படிச் சொல்வாள் என்று என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அடுக்களையில் தமிழ், தெருவில் மலையாளம், கோபத்தில் ரெண்டும். பாதிக்கு மேல் எனக்குப் பதில் தெரியவில்லை மச்சான். இத்தனை வருஷம் காதில் விழுந்ததே தவிர, நான் கேட்கவில்லை.

அந்த எம்.ஆர்.ஐ. படத்தை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு கட்டியை முழுவதும் எடுத்துவிட்டார்கள். துளி பாக்கி இல்லை. வார்டுக்கு வந்ததும் அவள் சொன்ன முதல் பேச்சு, "மூணு நாளா இதே சட்டைதானா?"

மதினிக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. பஸ் தேடி அலைய வேண்டாம், மழை விட்டபின் வந்தால் போதும்.

இப்படிக்கு,
தளவாய்

பி.கு.: அண்ணே, நான் செண்பகம். ஒட்டித் தபால்ல போடச் சொல்லி எங்கிட்ட குடுத்தாவ, நான் வாசிச்சுட்டேன். கட்டிய முழுசா எடுக்கல. கடைசித் துணுக்குகிட்ட தொட்டதும் எனக்கு வாய் நின்னுட்டு, உடனே டாக்டர் கைய எடுத்துட்டாவ. பேச்சு போற இடம்னா தொடாதீங்கன்னு முந்தியே சொன்னது நாந்தான். மீதிக்கு ரேடியேஷன் கரண்டு வைக்கணுமாம். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சு, அவிய குளிமுறியில அழுதுட்டு மூஞ்சியக் கழுவிட்டு வாறாவ. நீங்களும் தெரிஞ்சதாக் காட்டிக்காண்டாம். இத எழுத அரைமணிக்கூர் ஆச்சு. ரெண்டு வார்த்தையத் தேடவேண்டி வந்துது, கெடச்சுட்டு.