மாவு ஏகபோக ஒழிப்பு ஆணை

மயிலாப்பூர் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே எல்லா வீட்டு இட்லிக்கும் மாவு கீழ்த்தளத்து சூடாமணி மாமியிடமிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. அவள் கணவர் கல்யாணராமன் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடிய நாளிலிருந்து அந்த வீட்டில் சம்பாதிப்பது கிரைண்டர் ஒன்றுதான். மத்தியானமே அவரவர் பாத்திரத்தை வாசலில் வைத்துவிடுவார்கள். சாயங்காலம் மாமி நிரப்பி வைப்பாள்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ராகவேந்திரன் சார் குடியிருப்போர் சங்கத் தலைவரானார். பெண் வீட்டுக்கு நியூ ஜெர்சி போயிருந்த மனிதர், பனிக்குப் பயந்து வெளியே இறங்காமல் ஒரு புத்தகத்தைப் படித்துத் தொலைத்துவிட்டார். அதில் பழைய அமெரிக்க ஜனாதிபதி ஒருவர். பெரிய சீர்திருத்தக்காரர். ரயில், எண்ணெய் என்று கொழுத்த கம்பெனிகளையெல்லாம் கோர்ட்டுக்கு இழுத்தவர். சட்டம் கூடாதென்று சொல்லாததையெல்லாம் ஜனாதிபதி செய்யலாம் என்பது அவருடைய வாதம். சார் ஊருக்கு வந்ததும் சங்க விதிகளைப் புரட்டினார். அதில் எதையுமே கூடாதென்று யாரும் எழுதியிருக்கவில்லை.

ஆனால் அந்தக் கட்டடத்தில் ரயிலும் இல்லை, எண்ணெய்க் கிணறும் இல்லை. பாவம், எதை உடைப்பார்? ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுப் பாத்திரம் மாமி வாசலுக்குத் தாமதமாக வந்தது. "தீர்ந்துடுத்தே" என்றாள் மாமி. ஏகபோகம் எங்கே ஒளிந்திருக்கிறதென்று சாருக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது.

மறுநாள் லிஃப்டில் ஆணை ஒட்டப்பட்டது. பொதுநலனை முன்னிட்டு, இனி அரிசி அரைப்பது ஒரு வீடு, உளுந்து அரைப்பது வேறு வீடு, உப்பு மூன்றாம் வீடு. கரைத்துப் புளிக்க வைப்பது எந்தச் சார்புமில்லாத நான்காம் வீடு. தலைவர் அனுமதித்த மாவைத் தவிர வேறு மாவு கட்டடத்துக்குள் நுழையக் கூடாது.

"என்ன சார் அநியாயம் இது? எங்காத்துல சம்பாதிக்கறது அந்தக் கல்லு ஒண்ணுதானே."

"உங்க மேல கோபமில்லை மாமி. நீங்க ரொம்பப் பெருசா வளர்ந்துட்டீங்க."

"ஒரே ஒரு கிரைண்டர் சார். அதுவும் தேஞ்சு போன கல்லு."

"அமெரிக்காவுலயும் அப்படித்தான் சொல்லிப் பார்த்தாங்க."

மாமி ஒவ்வொரு மாடியாக ஏறி இறங்கினாள். யாராவது தனக்காக ஒரு வார்த்தை கேட்பார்கள் என்று பார்த்தாள். எப்படிக் கேட்பார்கள்? எல்லோருக்கும்தான் பதவி கிடைத்துவிட்டதே. மூன்றாம் மாடி அக்பர் பாஷா இப்போது உப்புத் துறை இயக்குநர்.

"நான் வேணாம்னுதான் சொன்னேன் மாமி. இன்னா பண்றது, கதவுல போர்டு மாட்டிட்டாரே" என்றார், போர்டைத் துடைத்தபடியே.

அரிசி அரைத்த அன்றைக்கு உளுந்துத் துறை குடும்பத்தோடு காஞ்சிபுரம் போயிருந்தது. எழுத்து மூலம் கோரிக்கை வராமல் உப்புப் போட முடியாதென்றார் அக்பர் பாஷா. நடுநிலை வீட்டுக்காரர் கையுறை போட்டுக்கொண்டு கரைத்தார். மாவு பொங்கவில்லை. ஏன் பொங்கவில்லை என்று ஆராய சார் ஒரு குழு போட்டார். மாவிடம் ஒத்துழைக்கும் மனப்பான்மை இல்லை என்று குழு அறிக்கை கொடுத்தது. கட்டடமே உப்புமா தின்றது.

மாமி கிரைண்டரைப் பக்கத்துக் கட்டடத்தில் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோய் அங்கே விற்க ஆரம்பித்தாள். துணிப்பைக்குள் பாத்திரத்தை ஒளித்துக்கொண்டு உப்புத் துறை வந்தது, உளுந்துத் துறை வந்தது. வரிசையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. முன்னால் நின்றவர் திரும்பினார். ராகவேந்திரன் சார்.

"ஆய்வுக்கு" என்றார்.

"ஆய்வுக்கு எத்தனை இட்லிக்கு வேணும் சார்?" என்றாள் மாமி.

அடுத்த தேர்தலில் மாமியை ஏகமனதாகத் தலைவராக்கினார்கள். முன்மொழிந்தவரே சார்தான். உப்புமா ஆளை அவ்வளவு தூரம் இளக்கியிருந்தது.

"முதல் வேலையா அந்த ஆணையைக் கிழிச்சுப் போடு மாமி" என்றார் அக்பர் பாஷா.

மாமி லிஃப்டுக்குப் போனாள். கடைசி வரியைப் படித்தாள். இன்னொரு தரம் படித்தாள்.

"எதுக்குக் கிழிக்கணும்? தலைவர் அனுமதிச்ச மாவைத் தவிர வேற நுழையக் கூடாதாம். சார் நன்னாத்தானே எழுதியிருக்கார்" என்று பிய்ந்திருந்த ஓரத்துக்குப் பசை தடவி ஒட்டினாள்.

கிரைண்டர் வீடு திரும்பிவிட்டது. அன்று சாயங்காலம் எல்லாப் பாத்திரங்களும் மாமி வாசலில் இருந்தன. மாவு கொஞ்சம் தண்ணியாகத்தான் இருந்தது. அவரவர் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார்கள். அக்பர் பாஷா மட்டும், தன் வீட்டுக் கதவில் அந்த போர்டு இருக்கலாமா என்று கேட்டுக்கொண்டார்.