குளிருக்கு முன் பெட்டி கட்டுதல்

கிரான்பர்ன்,
மே 14

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் கேதீஸ்வரன் அவர்களுக்கு,

இங்கே நானும், உங்கள் தங்கை சந்திரவதனாவும், ஏறத்தாழ இருபதாயிரம் தேனீக்களும் சுகம். டூங்கபியில் நீங்களும் வீட்டாரும் சுகமாயிருக்க நல்லூரான் துணை நிற்கட்டும்.

போன கிழமை போனில் நீங்கள் சொன்னது இன்னும் காதுக்குள் நிற்கிறது. "மெல்பேர்ன் குளிருக்கு அதுகள் தப்பாது. பெட்டியைத் தேனீச் சங்கத்திட்டக் குடுத்துப்போட்டு இஞ்ச வந்து நில்லும்" என்றீர்கள். முடியாது மச்சான். முப்பது வருடம் தொழிற்சாலையில் போர்க்லிப்ட் ஓட்டிய என்னை, ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஒரு மின்குமிழ் மாற்றக்கூட யாரும் நம்புவதில்லை. என்னை நம்பி இருப்பவை இந்தத் தேன்பெட்டியில் உள்ளவை மட்டும்தான். அவற்றைக் குளிர் முடிந்து ஸ்பிறிங் தொடங்கும் செப்டெம்பர் வரை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்க்காமல் நான் கிரான்பர்னை விட்டு அசைய மாட்டேன்.

குளிருக்கு முன் தேன் எடுக்கிற மேற்பெட்டியை இறக்க வேண்டும், அவற்றின் சாப்பாட்டுக்குக் கீழ்ப்பெட்டியில் தேனை விட்டுவைக்க வேண்டும், வாசலைச் சிறிதாக்க வேண்டும், திறக்கும்போது புகை காட்ட வேண்டும் என்று தேனீச் சங்கத்தில் சொல்லித்தந்தார்கள். புகை என்றால் நமக்குத் தெரியாத புகையா? வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை அள்ளிப் புகைக்குடுவையில் போட்டேன். மணம் வந்ததும் சந்திரவதனா குசினியிலிருந்து கைகூப்பியபடி ஓடி வந்தாள். தேனீக்களும் வந்தன, ஆனால் கும்பிட வரவில்லை. மூக்கில் ஒன்று, இடது காதில் இரண்டு. காய்ந்த பைன் இலை போட்டிருக்க வேண்டுமாம், பிறகுதான் சொன்னார்கள். மூக்கு கத்தரிக்காய் போல வீங்கியும் நான் வேலையை விடவில்லை. மேற்பெட்டியை இறக்கி, வாசலை மரத்துண்டு வைத்து இரண்டு விரல் அகலத்துக்கு அடைத்து, மழைத்தண்ணீர் தேங்காதபடி பெட்டியை முன்பக்கம் சற்றுச் சரித்து வைத்துவிட்டுத்தான் ஐஸ் ஒத்தடம் பிடித்தேன்.

மறுநாள் காலையில் பார்த்தால் பெரிய அநியாயம் நடக்கிறது. பெண் தேனீக்கள் சேர்ந்து ஆண் தேனீக்களைச் சிறகில் பிடித்து இழுத்து வந்து புல்லில் எறிகின்றன. பதறிப்போய்ச் சங்கத்துக்குப் போன் எடுத்தேன். குளிருக்கு முன் அப்படித்தானாம், வேலை செய்யாமல் இருந்து சாப்பிடுகிறவர்களை வெளியே தள்ளிவிடுவார்களாம். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டு நின்ற உங்கள் தங்கை, "நல்ல ஒழுங்காத்தான் இருக்கு" என்று சொல்லி என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஐஸ்கிரீம் வாளியில் நாற்பத்தொரு ஆண்களைப் பொறுக்கி, பெட்டி மூடியைத் திறந்து உள்ளே விட்டேன். பத்து நிமிடத்தில் திரும்பவும் புல்லில் கிடந்தார்கள். திரும்பவும் விட்டேன். மூன்றாம் தரம் போனபோது சந்திரவதனா மூடியைப் பிடுங்கினாள்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் திறக்கத் திறக்கச் சூடு போகுது. எல்லாம் விறைச்சுச் சாகப்போகுது!"

"நீர் உம்மட வேலையைப் பாரும்" என்றேன். அவளுக்குப் பயந்து அநியாயத்தைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது மச்சான். நாளைக்கும் திறப்பேன், நாளன்றைக்கும் திறப்பேன்.

ஆகவே என்னை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். குளிரும் தடிமனும் உங்கள் வீட்டுப் படி ஏறாமல் கந்தசாமியார் காக்கட்டும்.

இப்படிக்கு,
எதற்கும் அசையாத
இந்திரகுமார்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் தங்கை சங்கத்தாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இன்னும் ஓரிரு தரம் மூடியைத் திறந்தால் மொத்தக் கூட்டமும் போய்விடுமாம். அது போனால் நான் தாங்க மாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். எனவே தேன்பெட்டியை இனி அவள் பார்ப்பாளாம். என்னுடைய பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருக்கிறாள். அடுத்த சனிக்கிழமை ரெயினில் வருகிறேன், தயவுசெய்து ஸ்டேஷனுக்கு வாருங்கள். திரும்பி வர எப்போது ரிக்கற் போட்டிருக்கிறீர் என்று அவளைக் கேட்டேன். "ஸ்பிறிங் வரட்டும், பாப்பம்" என்கிறாள்.