ரேடியோவில் நானும் ஒரு பல்லியும்

சொந்தக் காலில் நின்று முன்னுக்கு வந்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் ஊருக்குச் சொல்லிவிட்டுத்தான் செய்வான். எனக்கு அது முற்றிய கேஸ்.

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன், திருச்சி பாலக்கரையில் பெயின்ட் கடை வைத்து, ஸ்ரீரங்கத்தில் காவிரி தெரியும் ஃப்ளாட் வாங்கினேன். (பால்கனியில் கொஞ்சம் எக்கிப் பார்க்கவேண்டும்.) மனைவி போன பிறகு, “பெங்களூரு வந்துடுங்கப்பா” என்று மகன் கூப்பிடும்போதெல்லாம் என் பதில் ஒன்றுதான்: “எனக்கென்னடா, ராஜா மாதிரி இருக்கேன்.”

ராஜாவுக்குச் சாயங்காலத் துணை ரேடியோ. பழைய பண்ணிசை, பண்பாட்டுப் பேச்சு, கடைசியில் நேயர்கள் போனில் பேசலாம். ஒருநாள் நானும் பேசுவதென்று முடிவெடுத்தேன். மகனுக்கும் துறையூர் மச்சினனுக்கும் கடைப் பையன்களுக்கும், கேளுங்கள் என்று உத்தரவு போட்டேன். எதிர் ஃப்ளாட்டுக்கும் கேட்கட்டுமென்று ரேடியோவை முழுசாகத் திருகிவைத்தேன்.

லைன் கிடைத்ததும் வீடே ஊளையிட்டது.

“ஐயா, ரேடியோ சத்தத்தைக் குறைச்சிட்டு வாங்க” என்றது நிகழ்ச்சி நடத்தும் பெண்.

போனை மேஜைமேல் வைத்துவிட்டு ரேடியோவையே அணைத்தேன். சுவரில் நம்ம பல்லி. (பல்லி சத்தம் கொடுத்தால் சொன்னது உண்மை என்பார்களே, அதனால் பெரிய விஷயமெல்லாம் அதனிடம்தான் சொல்வேன்.)

“பாத்தியா? இத்தனை நாளா உன்கிட்டதான் பேசிட்டிருந்தேன். இப்ப ஒரு பொண்ணு என்னை ஐயாங்குது. பையன்கிட்ட ராஜாங்குறேன். ராஜாவுக்கு மூணு வேளையும் காலையில சுட்ட இட்லி. மனுஷங்ககிட்ட வாய்விட்டுப் பேசி எத்தனை நாளாச்சு, சொல்லு.”

பல்லி கச் கச் என்றது.

திரும்பி வந்து போனை எடுத்தேன். “உங்களுக்காக ஒரு பண் போடுறோம் ஐயா. நீங்க சூடா ஏதாவது சாப்பிடுங்க” என்றது அந்தப் பெண்.

என் ஆறிப்போன இட்லி இந்தப் பொண்ணுக்கெப்படித் தெரிந்தது என்று யோசிப்பதற்குள் மகன் கூப்பிட்டான்.

“அப்பா… மூணு வேளையும் இட்லியா?”

அவன் போனை வைத்ததும் துறையூர் மச்சினன். “மச்சான், பல்லிக்கும் இட்லிதானா?”

அன்றிலிருந்து நிகழ்ச்சி முடிந்ததும் தினமும் மகன் போன் செய்கிறான். முதல் கேள்வி, “பல்லி சௌக்கியமா?” பின்னால் பேரனும் மருமகளும் சிரிப்பது கேட்கும்.

“அதுக்கென்ன, நானும் ராஜா மாதிரி இருக்கேன்” என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்ப்பேன்.

அப்படிச் சொல்லும்போது இதுவரை ஒரு தடவைகூட அது சத்தம் கொடுத்ததில்லை.