வீட்டுக்காவல்

"யோவ், உன் கைதி பால்கனியில சாய்வு நாற்காலி போட்டுப் படுத்திருக்காராமே! பேர் சொல்லாம ஒரு போன் வந்திருக்கு. நீ காவலுக்குப் போனியா, விசிறி விடப் போனியா?"

இன்ஸ்பெக்டர் போனை வைத்ததும் காவலர் நிமிர்ந்து பால்கனியைப் பார்த்தார். தெருவிளக்கு ஊழல் வழக்கில் மாட்டிய கவுன்சிலர், முதுகுவலிச் சான்றிதழைக் காட்டி, சிறைக்குப் பதிலாக வீட்டுக்காவல் வாங்கியிருந்தார். சலுகை, சலுகை என்று ஊரே வாயில் போட்டு மென்றது. பழியோ காவலர் தலையில் விடிந்தது.

நாற்காலியைத் தூக்கிப் பூட்டிவைத்தார். கவுன்சிலர் கூடத்துக்கு இறங்கிவந்து டிவி முன் உட்கார்ந்தார்.

மறுநாளே போன். "டிவி அலறுதாமே? அது காவலா, கொட்டகையா?"

டிவியின் வயரைப் பிடுங்கினார். கவுன்சிலர் தொண்டர்களை வரவழைத்துச் சீட்டுக்கட்டைப் பிரித்தார். அதற்கும் போன் வந்தது. தொண்டர்களை வாசலோடு துரத்தினார்.

பொழுது போகாத கவுன்சிலர், மனைவி சமைத்துக்கொண்டிருந்த சமையலறையின் வாசலில் போய் நின்றார்.

"வெங்காயத்தை இவ்வளவு பொடியாவா நறுக்குவாங்க? ஒரு குழு போட்டு முடிவு பண்ணணும்."

உள்ளே ஒரு பாத்திரம் நங்கென்று விழுந்தது. அக்காவுக்குக் கை வழுக்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார் காவலர்.

கவுன்சிலர் திரும்பிவந்து, கூடத்தில் நின்று, காவலர் ஒருவருக்காகவே கழிவுநீர்த் திட்டம் பற்றி முழங்கத் தொடங்கினார். எப்படியாவது முடிக்கட்டும் என்று காவலர் மெல்லக் கைதட்டி வைத்தார்.

"கைதட்டினியாமே!" போனில் இன்ஸ்பெக்டர் கத்தினார். "இன்னும் ஒரே ஒரு புகார், நீ சஸ்பெண்ட்!"

காவலர் சுற்றுமுற்றும் பார்த்தார். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தித்தானே இருந்தன? தண்ணீர் கேட்டுச் சமையலறைக்குப் போனவர், கவுன்சிலரின் மனைவியிடம் புலம்பித் தீர்த்தார்.

"எந்தப் படுபாவின்னு தெரியலைக்கா! என் பொழப்புல மண்ணை அள்ளிப் போடுறான். எதிர்வீட்டுக்காரனாத்தான் இருக்கும்."

"தண்ணியை எதுக்கு அந்த டம்ளர்ல ஊத்துறே? அளவு பெரிசு!" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

அந்த அம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு டம்ளரை நீட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"கோவிச்சுக்காதே தம்பி, போன் பண்ணினது நான்தான். இவரை வீட்டுலயே வைன்னு உத்தரவு போட்டாரே அந்த நீதிபதி, வீட்டுல இருக்கறவளை ஒரு வார்த்தை கேட்டாரா?"