இஃப் அங்காலை, வில் இஞ்சாலை

இந்த வருசம் வேலி அடைக்கிற வேலையில் கை வைப்பதில்லை என்று ஆழ்வாப்பிள்ளை சபதம் எடுத்தார். மனதுக்குள்தான். வாய்விட்டு எடுக்க ஏலாது; வீட்டில் மனைவி பத்மாசினி இருந்தா.

உக்கிப்போன தென்னோலைக் கிடுகு வேலிக்குள்ளால், ஒழுங்கையில் திரிகிற மாடு தலையை நீட்டிக் கீரைப்பாத்தியை மேய்ந்தது. இவரோ, கனடாவிலிருக்கிற மகள் கூப்பிட்டால் இங்கிலிசு வேணுமென்று, மானிப்பாயில் தில்லைநாதன் மாஸ்டரின் பின்னேர வகுப்பில் போய்க் குந்திவிட்டார்.

"என்னப்பா, வேலி?"

"படிக்கிற மனிசனைக் குழப்பாதையும். கிடுகு கட்டுற ஊசியைக் குத்தி வாங்க வேலிக்கு அங்காலை ஒராள் வேணும். ஆர் இருக்கினம்?"

"அப்பிடி என்னத்தைப் படிக்கிறியள்?"

"இஃப்! மழை பெய்தால் வரமாட்டன் எண்டு சொல்லுறது. ஒரு வசனம், ரெண்டு துண்டு. இஃப் துண்டிலை 'வில்' வரப்படாதாம். மற்றத் துண்டிலைதான் வரவேணுமாம். எனக்கு மாறி மாறி விழுது. மாஸ்டர் ஏசுறார்."

"அப்ப வடிவாப் பழகத்தான் வேணும்," என்றா பத்மாசினி, மெத்த அன்பாக. அந்த அன்புக்கே மனிசன் பயந்திருக்க வேணும்.

சனிக்கிழமை விடிய, மாஸ்டர் ஒழுங்கையில் நின்றார். மடித்துக் கட்டின வேட்டி. கையில் வேலி கட்டுகிற குத்தூசி.

"ஆழ்வாப்பிள்ளை, நீர் உள்ளுக்கு நில்லும். நான் இஃப் சொல்லிக் குத்துவன். நீர் மற்றத் துண்டைச் சொல்லித் திருப்பிக் குத்தும்."

"வேலியிலையோ மாஸ்டர்!"

"உம்மடை மனிசியின்ரை யோசனை. அருமையான யோசனை."

ஊசி உள்ளே வந்தது. "இஃப் இற் றெயின்ஸ்..."

"ஐ கோ ஹோம்!"

"வில் எங்கை ஐசே?"

"அங்காலை விழுந்திட்டுதாக்கும், மாஸ்டர்."

"கட்டின கட்டை அவிழும்!"

பிழைத்த இடமெல்லாம் அவிழ்த்து அவிழ்த்துக் கட்டியதில் விரல் கொப்புளித்தது. மத்தியானம் திரும்ப, வசனமும் நேர், வேலியும் நேர். மாடு வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போனது.

ஒடியல் கூழை ஊதிக் குடித்தபடி ஆழ்வாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்தினார். "இஃப் முடிஞ்சுது. இனி எனக்கு ஓய்வு."

"மாஸ்டர் என்ன, சும்மாவே வந்தவர்?" பத்மாசினி இன்னொரு அகப்பை ஊற்றினா. "நாளைக்கு வகுப்பு அவரின்ரை வீட்டிலை. நாலு பக்கமும் வேலியாம்."