நாற்காலிக்கு முப்பத்தொரு கண்

செருப்புக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. கடைக்காரர் கதவைத் திறக்கும் முன்பே படிக்கட்டு நிறைந்துவிடும். வைத்தியத்துக்கு வந்தவர்கள் தலையைக் குனிந்து நின்றார்கள். அழைத்து வந்தவர்கள் அவர்களைப் பற்றி ஒருவரோடொருவர் உரக்கப் பேசிக்கொண்டார்கள். என் மகன், மாமா வந்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான், என் மனைவி ஐந்து வருடமாகத் தொலைபேசியை எடுத்ததில்லை என்றெல்லாம். சம்பந்தப்பட்டவர்கள் படியில் இருந்த விரிசல்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

மேலே இருந்தவருக்குப் பார்வை ஐயா என்று பெயர். கண் வைத்தியர் அல்ல. முதுகில் ஒட்டியிருக்கும் பிறர் பார்வையைப் பிடுங்கி எடுப்பவர். நாலு பேர் முன்னால் ஒருவருக்கு நாக்கு ஏன் ஒட்டிக்கொள்கிறது? சிறு வயதிலிருந்து யார் யாரோ பார்த்த பார்வைகள் முதுகில் ஒட்டி ஒட்டிப் பாரமாகிவிடுகின்றனவாம். அவற்றை ஒரு வெள்ளைத் துணியில் இறக்கிவிட்டால் ஆள் நிமிர்ந்துவிடுவாராம். உலகத்தில் இத்தனை பல்கலைக்கழகங்கள் இருந்தும் இது ஒருவருக்கும் தோன்றவில்லை பாருங்கள்.

அற்புதங்களுக்கும் குறைவில்லை. வரும்போது வாயே திறக்காத ஒரு பெண், திரும்பும்போது படியிலேயே கணவனோடு சண்டை போட்டாளாம். ஊரே வியந்தது. அது குணமா இல்லையா என்று கணவனிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

இந்தப் படிக்கட்டில்தான் ஒரு வியாழக்கிழமை காலை சின்னவள் நின்றாள். அக்கா அவள் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

சின்னவளுக்கு வயது முப்பத்தொன்று. பெரிய சலவைக் கூடம் ஒன்றில் கறை எடுக்கும் வேலை. முன்னால் துணி வாங்கும் மேசை. பின்னால் ஜன்னல் இல்லாத சின்ன அறை. அந்த அறை அவளுடையது. மை, எண்ணெய், துரு, ரத்தம், பழச்சாறு என்று எது பட்டிருந்தாலும் ஒரு பார்வையில் சொல்லிவிடுவாள். துணிகளோடு அவளுக்கு எந்தச் சங்கடமும் இல்லை. துணியைக் கொண்டுவரும் ஆட்களோடுதான். முன்மேசைக்கு வா, சம்பளம் கூட்டித் தருகிறேன் என்று முதலாளியம்மா இரண்டு முறை கூப்பிட்டார். இரண்டு முறையும் சின்னவளுக்கு மறுநாள் காய்ச்சல்.

இதைக் கூச்சம் என்று சொன்னால் போதாது. பேருந்தில் "எறங்கணும்" என்று குரல் கொடுக்க முடியாமல் மூன்று நிறுத்தம் தள்ளிப்போய் நடந்து திரும்புவாள். அக்காவின் கல்யாணத்தில் தட்டு அடுக்கிவைத்த அறையிலேயே இருந்துவிட்டாள். பின்னர் புகைப்படங்களில் தேடிப் பார்த்தபோது எதிலும் அவள் இல்லை. தனிமை பிடித்ததால் அல்ல. அந்த அறையில் உட்கார்ந்துகொண்டு, கூடத்தில் கேட்ட ஒவ்வொரு சிரிப்புக்கும் ஏங்கினாள்.

எட்டு மாதத்துக்கு முன், முதலாளியம்மா எழுதிக்கொடுத்த முகவரியில் ஒரு மனநல ஆலோசகரைப் போய்ப் பார்த்தாள். அந்த அம்மாள் நாலைந்து வாரம் கேட்டுவிட்டு, இதற்குத் தவிர்ப்பு ஆளுமைக் கோளாறு என்று பெயர் இருப்பதாகச் சொன்னார்.

"உங்களுக்கு மனுஷங்களப் பிடிக்காம இல்ல," என்றார். "அவங்களுக்கு உங்களப் பிடிக்காதுன்னு நீங்களே முன்கூட்டித் தீர்ப்பு எழுதிடறீங்க. அவங்கள விசாரிக்கறதே இல்ல."

அது முதல் வாரா வாரம் ஆலோசகர். புதன்கிழமை மாலை, இதே தொல்லை உள்ள ஐந்து பேரோடு ஒரு வட்டம். அதில் ஒருவர் பேருந்து ஓட்டுநர். பயணிகள் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் உட்காருவார்கள் என்பதற்காகவே அந்த வேலைக்குப் போனவர். முதல் மூன்று வாரம் யாரும் பேசவில்லை. நான்காவது வாரம் ஓட்டுநர், மின்விசிறி சத்தம் போடுகிறது என்றார். ஆமாம் என்று சின்னவள் சொன்னாள். அவர்கள் கணக்கில் அது பெரிய கூட்டம். எட்டாவது மாதம் சின்னவள் பேருந்தில் "எறங்கணும்" என்று சொல்லி, தன் நிறுத்தத்திலேயே இறங்கினாள்.  வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

அக்காவிடம் சொன்னாள். அக்கா பாசக்காரி. ஆனால் பொறுமை என்ற சரக்கு அவளிடம் கிடையாது.

"ஒரு வார்த்தைக்கு எட்டு மாசமா? நீ முழு வாக்கியம் பேசறதுக்குள்ள எனக்குப் பல்லு போயிடும்டி. எதிர்வீட்டுப் பையனுக்கு ஒரே நாள்ல சரியாச்சு."

அப்படித்தான் செருப்புக் கடை மாடிக்கு வந்து சேர்ந்தார்கள்.

உள்ளே ஊதுவத்தி, சாமியார் உடை எதுவும் இல்லை. ஐயா காலத்துக்கு ஏற்றவர். வெள்ளைச் சட்டை, கண்ணாடி, பக்கத்தில் பதிவேட்டோடு ஓர் உதவியாளர் அம்மாள். சின்னவளைத் திரும்பி உட்காரச் சொன்னார். முதுகில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, கண்ணை மூடி முணுமுணுத்து, குப்பியிலிருந்து தெளிந்த நீரைப் பீய்ச்சினார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். துணியில் சிவப்பாக ஒரு கண் திறந்தது. பிறகு இன்னொன்று. உதவியாளர் அம்மாள் எண்ணி எழுதினார். இருபத்தேழு.

"இத்தன பேர் பார்வையத் தூக்கிட்டு நடந்திருக்கே. உன் மேல தப்பே இல்லம்மா," என்றார் ஐயா.

சின்னவள் அழுதுவிட்டாள். முப்பத்தொரு வருடத்தில் யாரும் அவளிடம் சொல்லாத வாக்கியம் அது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் முட்டாள்கள் அல்லர். எந்த வாக்கியத்துக்காக ஒருவர் ஏங்குகிறார் என்று தெரிந்துகொண்டுதான் கடை திறக்கிறார்கள்.

இரண்டாம் முறை இருபத்தொன்று. மூன்றாம் முறை பதினாறு. ஒவ்வொரு முறையும் காணிக்கைப் பெட்டி. அதைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது, அது எல்லா அற்புதத்துக்கும் பொதுவான உறுப்பு. கண் குறையக் குறையச் சின்னவளுக்கு உடம்பு லேசானது போலிருந்தது. ஆனால் ஒரு நாள் முன்மேசையில் ஆள் இல்லாத நேரம் ஒரு வாடிக்கையாளர் அவளைப் பார்த்து ஏதோ கேட்டார். அவள் கறை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஐயா நான்காம் முறை துணியை விரித்தார். முப்பது கண்.

"புதுசா ஒட்டியிருக்கு. அந்த ஆலோசகர், புதன்கிழமைக் கூட்டம் எல்லாத்தையும் விடு. அங்க பாரம் புடிச்சவங்கதான் வராங்க, அவங்க பார்வை ரெண்டு மடங்கு ஒட்டும். வேலையையும் விட்டுட்டு வீட்டுக்குள்ளயே இரு. யாரையும் பாக்காத."

யோசித்துப் பாருங்கள். யாரையும் பார்க்க முடியவில்லை என்று வந்தவளுக்கு, யாரையும் பார்க்காதே என்பது மருந்து. நோயையே சீட்டில் எழுதிக் கொடுத்த வைத்தியர் இவர் ஒருவராகத்தான் இருப்பார். கொடுமை என்னவென்றால், சின்னவளுக்கு அது தேனாக இனித்தது. ஒளிந்துகொள்ள இத்தனை நாள் காய்ச்சலைத் தேடினாள். இப்போது அனுமதிச் சீட்டே கிடைத்துவிட்டது. ஆலோசகரிடம் சொல்லாமலே போவதை நிறுத்திவிட்டாள். புதன்கிழமை போகவில்லை. வேலையை விடுவதாக முதலாளியம்மாவுக்குக் கடிதமும் எழுதிவிட்டாள். கொடுப்பதற்கு நேரில் போக வேண்டும் என்பதால் அது பையிலேயே கிடந்தது.

மூன்று புதன்கிழமைகள் போயின. அடுத்த வெள்ளிக்கிழமை பகலில் முதலாளியம்மா கறை அறைக்குள் எட்டிப் பார்த்தார். வாசலுக்கு எதிரே ஐந்து பேர் அரைமணி நேரமாக நிற்கிறார்களாம், உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லையாம், திருடர்களோ என்று சந்தேகமாம். சின்னவள் கதவிடுக்கில் பார்த்தாள். புதன்கிழமை ஐந்து பேரும். ஒருவர் இரண்டடி முன்னால் வருவார், திரும்பிப் போவார். பிறகு அடுத்தவர். கடைசியில் ஓட்டுநர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, மேசைமேல் ஒரு சட்டையை வைத்துவிட்டு, ரசீதுகூட வாங்காமல் வெளியேறினார். ஐந்து பேரும் ஏறக்குறைய ஓடினார்கள்.

சட்டையில் கறை எதுவும் இல்லை. சட்டைப் பையில் ஒரு தாள் இருந்தது. 'நீங்கள் வராததால், உங்களுக்கு எங்களைப் பிடிக்கவில்லை என்று நாங்கள் ஐந்து பேரும் தனித்தனியாக முடிவு செய்துவிட்டோம். பிறகு உங்களையே கேட்டுவிடுவது என்று தீர்மானித்தோம். தவறாக நினைக்க வேண்டாம்.'

அவள் அந்தத் தாளை மூன்று முறை படித்தாள். தெருவைக் கடந்து ஒரு கதவுக்குள் நுழைய அவர்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? ஐயா சொன்ன, பாரம் பிடித்த, இரண்டு மடங்கு ஒட்டும் பார்வைக்காரர்கள் இவர்கள்தான்.

அன்றைக்குத்தான் அவள் பையிலிருந்து அந்தத் துணியை எடுத்தாள். வீட்டில் எரித்துவிடு என்று ஐயா கொடுத்தனுப்பியது. அவள் எரிக்கவில்லை. தொழில் புத்தி, கறை பட்ட துணியை எரிக்க மனம் வரவில்லை. முப்பது கண்களும் வெளிறிப் போயிருந்தன. பார்வை செத்துவிடும் என்று ஐயா சொல்லியிருந்தார். அவள் முதன்முறையாக அதை ஒரு கறையாகப் பார்த்தாள். முதுகிலிருந்து வந்த கறை என்றால் ரவிக்கையிலும் பட்டிருக்க வேண்டும். அன்று போட்டிருந்த ரவிக்கை சுத்தமாக இருந்தது. முப்பது கண்ணும் ஒரே அளவு. இமையோரம் ஒரே இடத்தில் ஒரே பிசிறு. ஒரே அச்சில் குத்தியது.

அந்தச் சிவப்பையும் அவளுக்குத் தெரியும். அவள் மேசையிலேயே இருந்தது. அலசிய துணியில் சலவைச் சோடா மிச்சமிருக்கிறதா என்று பார்க்கச் சலவைக் கூடங்களில் ஒரு மருந்து வைத்திருப்பார்கள். நிறமில்லாதது. சோடா பட்டால் இளஞ்சிவப்பாகும். காடி, அதாவது வினிகர், பட்டால் மறைந்துவிடும். அவள் துணியில் சோடா நீரைத் தெளித்தாள். முப்பது கண்களும் பளிச்சென்று விழித்தன. காடியைத் தெளித்தாள். தூங்கிவிட்டன. அந்த மருந்தால் முன்பே அச்சுக் குத்திய துணி; குப்பியில் இருந்தது வெறும் சோடா நீர். அந்த மருந்து ஒரு காலத்தில் மலச்சிக்கலுக்கு மாத்திரையாக விற்றது. ஆக, ஐயா ஊர் முதுகிலிருந்து இத்தனை நாள் பிடுங்கியது பேதி மருந்து.

அழுத அழுகை நினைவுக்கு வந்தது. அவளுக்கு அபூர்வமாக வரும் ஒன்று வந்தது. கோபம்.

வீட்டில், பாத்திரம் கழுவும் தொட்டியில் வைத்து அக்காவுக்குச் செய்து காட்டினாள். அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். நாலைந்து நிமிடம் பேச்சே வரவில்லை. அந்த வீட்டில் அது பார்வை ஐயாவின் எல்லா அற்புதங்களையும்விடப் பெரிது.

"நான்தான்டி உன்னக் கூட்டிட்டுப் போனேன்," என்றாள் கடைசியில்.

"நானும்தான் வந்தேன்க்கா," என்றாள் சின்னவள்.

அந்தப் புதன்கிழமை வட்டத்துக்குப் போனாள். ஏன் வரவில்லை என்று ஆலோசகர் குடையவில்லை. வந்தது நல்லது என்றார். சின்னவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஐயா ஒரு மண்டபம் எடுத்துப் பெருங்கூட்டம் நடத்தப்போகிறார், அங்கே எல்லோர் முன்னாலும் அவரைக் கேட்க வேண்டும் என்றாள். யார் எழுந்து கேட்பது? ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள். கூட்டத்தில் பேச முடியாது என்பதற்காகவே கூடுகிற ஆறு பேர். தானே கேட்பதாகச் சின்னவள் சொன்னாள். சொல்ல வேண்டிய ஒரே வாக்கியத்தை ஆலோசகரோடு உட்கார்ந்து இருபது முறை சொல்லிப் பார்த்தாள். முடியாவிட்டால் எழுந்து வெளியே வந்துவிடலாம், அதுவும் தோல்வி அல்ல என்றார் அவர்.

மண்டபத்தில் முந்நூறு பேர். ஐயா மேடையில் ஒரு பையனின் முதுகிலிருந்து முப்பத்து மூன்று கண் பிடுங்கிவிட்டு, அடுத்து யார் என்று கேட்டார். சின்னவள் எழுந்தாள். முந்நூறு தலைகள் திரும்பின.  ஐந்து பேரும் அவளோடு எழுந்து நின்றார்கள். அக்கா வாயைத் திறக்கப் போனாள், பிறகு பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அந்தத் துணிய... மொதல்ல அந்த நாற்காலி முதுகுல போட்டுக் காட்டுங்க."

ஐயா புன்னகைத்தார். உயிரில்லாத பொருளுக்குப் பார்வை ஒட்டாது என்று விளக்கினார்.

இதற்கு மேல் அக்காவால் முடியவில்லை. "ஒட்டாதுன்னா கண்ணு வராதில்ல? அப்ப போட்டுக் காட்டறதுல உங்களுக்கு என்ன நஷ்டம்?"

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. ஐயா தண்ணீர் கேட்டார். அவர் குடித்து முடிப்பதற்குள் ஓட்டுநர் மேடை ஏறினார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. புதுத்துணி ஒன்றை எடுத்து நாற்காலியின் முதுகில் போட்டார். குப்பியை எடுத்துப் பீய்ச்சினார்.

கண்கள் திறந்தன. பதிவேட்டு அம்மாள் பழக்கதோஷத்தில் எண்ணிவிட்டார். முப்பத்தொன்று.

"நாற்காலிக்கும் கூச்சமா?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அசந்தால் அது ஐயா அல்ல. அந்த நாற்காலியில் ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களின் பார்வைதான் இறங்கியிருக்கிறது என்றார். பாதிப் பேர் தலையாட்டிவிட்டார்கள். நம்புகிறவர்களுக்கு உதவி செய்வது அவ்வளவு சுலபமில்லை.

சின்னவள் இருபது முறை சொல்லிப் பார்த்த வாக்கியம் தீர்ந்துவிட்டது. இது புதியது. யாரும் எழுதித் தராதது.

"அப்ப உங்க முதுகுல போடுங்க."

ஐயாமேல் எந்தப் பார்வையும் ஒட்டாது என்று முன்வரிசையிலிருந்து பக்தர்களே பதில் சொன்னார்கள். போடட்டும், இவள் வாயை அடைக்கட்டும் என்று அவர்களே இன்னொரு புதுத்துணியை எடுத்து, அவர் வேண்டாம் வேண்டாம் என்று நகர நகர, முதுகில் போர்த்திப் பீய்ச்சினார்கள். சுத்தமான அந்த முதுகில் முப்பத்தொரு கண்கள் முந்நூறு பேரையும் முறைத்தன. பதிவேட்டு அம்மாள் இந்த முறை எண்ணவில்லை. காணிக்கைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கதவு வழியாகப் போய்க்கொண்டிருந்தார். அக்கா அவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். அக்காவைத் தாண்டி இதுவரை யாரும் போனதில்லை.

சின்னவள் அந்த நேரம் மண்டபத்தின் கழிப்பறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.  அரைமணி நேரம் கழித்து வெளியே வந்தபோது ஐந்து பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி நின்றிருந்தார்கள். வரிசையாக நடந்தார்கள். நிறுத்தத்தில் பேருந்துக்குக் காத்திருந்தபோது, இரண்டாவதாகச் சொன்னது நன்றாக இருந்தது என்றார் ஓட்டுநர். அவளுக்கு முழுதும் குணமாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்பவர்களுக்கு மாடியில் கடை உண்டு. இப்போது சனிக்கிழமைகளில் ஒரு மணி நேரம் முன்மேசையில் நிற்கிறாள். சில சனிக்கிழமைகளில் காய்ச்சலும் வருகிறது. ஆலோசகரிடம் சொல்கிறாள், அடுத்த வாரம் நிற்கிறாள்.

ஐயா போன பிறகும் செருப்புக் கடை மாடி காலியாகவே இல்லை. பிறர் பேசிய பேச்சைக் காதிலிருந்து உருவி எடுப்பவர் ஒருவர் குடிவந்திருக்கிறாராம். படிக்கட்டில் மறுபடியும் ஆட்கள் நிற்கிறார்கள், மண்டபத்தில் சிரித்தவர்களும் சேர்த்து. அவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: காதை நாளைக்குக் கூடக் காட்டிக்கொள்ளலாம், அவசரமில்லை; இரண்டு காதுக்கும் நடுவே ஒன்று வைத்திருக்கிறீர்களே, அதை இன்றைக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.