பாலம் தாண்டியும் கட் ஆகாத போன்

கார் பாலத்தின் பாதியைத் தாண்டிவிட்டது. போன் இன்னும் கட் ஆகவில்லை.

"என்ன, சத்தத்தையே காணோம்? இருக்கீங்களா?" பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் தெளிவாகக் கேட்டாள் மனைவி.

"இருக்கேன், இருக்கேன். நீ பேசிட்டே இரு," என்றார் உரிம அதிகாரி. முகம் வெளிறிப்போயிருந்தது.

அவர் வேலை பார்ப்பது போன் தயாரிக்கும் ஒரு சின்ன கம்பெனியில். போனிலிருந்து டவர் வரை எல்லாம் செய்யும் பெரிய கம்பெனி ஒன்றின் வக்கீலம்மா அன்று காலையில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஓடுற வண்டில பேசும்போது போனை ஒரு டவர்லேர்ந்து அடுத்த டவருக்கு மாத்தி விடுற முறைக்கு எங்ககிட்ட காப்புரிமை இருக்கு. உங்க போன் அதைத்தான் பண்ணுது. உரிமம் வாங்குங்க, இல்லேன்னா விக்கிறதை நிறுத்துங்க."

விற்பனை நின்றால் கம்பெனியே இழுத்து மூட வேண்டியதுதான். அதிகாரி வாய் விட்டுவிட்டார். "மேடம், உங்க முறைல கட்டே ஆகாது. எங்க போன் பாலத்துல ஏறினாலே கட் ஆயிடும். நாளைக்கு நேர்லயே வந்து பாருங்க."

சொல்லிவிட்டுத்தான் சோதிக்கவே கிளம்பினார். பாலம் முடிந்தது. மனைவி தண்ணீர் மோட்டார் ரிப்பேரான கதையை முடித்து அடுத்ததற்குப் போய்விட்டாள்.

நேராக சாஃப்ட்வேர்காரரிடம் ஓடினார்.

"நம்ம போன் ஏங்க கட் ஆகல?"

"நாங்களே யோசிச்சுப் பண்ணது சார்!" அவருக்கு ஒரே பெருமை. "முதல்ல வேற மாதிரி பண்ணியிருந்தோம். கட் ஆயிட்டே இருந்துச்சு, தூக்கிக் கடாசிட்டோம்."

"அதையே திரும்பப் போடுங்க!"

போட்டார்கள். இப்போது ஆபீஸ் வாசலைத் தாண்டுவதற்குள் கட் ஆனது.

"எங்கம்மா பேச்சை எடுத்தா மட்டும் கட் பண்றீங்க, இல்ல?" என்று மனைவி திரும்பக் கூப்பிட்டாள்.

"நான் பண்ணலம்மா, போன்தான்…" அதுவும் பாதியில் கட்.

விற்பனை மேனேஜர் வந்து குதித்தார். "இதை எவன் வாங்குவான்?"

"பாலத்துல மட்டும் கட் ஆனா போதும்," என்று அதிகாரி சாஃப்ட்வேர்காரரிடம் கெஞ்சி, அதையும் சரிசெய்து வாங்கினார். வீட்டில் அன்று யாரும் அவரோடு பேசவில்லை.

மறுநாள் காரில் முன்னால் வக்கீலம்மா. பின்னால் அதிகாரியும், மடியில் கம்ப்யூட்டரோடு வாயே திறக்காத அந்தப் பெரிய கம்பெனி இன்ஜினியரும். அதிகாரி முதலாளியை போனில் கூப்பிட்டுப் பேச்சுக் கொடுத்தார். பாலத்தின் நடுவில் கார் வந்ததும் பொட்டென்று கட் ஆனது.

"பாத்தீங்களா மேடம்! பாத்தீங்களா!"

வக்கீலம்மாவின் முகம் சுருங்கியது. "சரி சார். எங்க முறை இல்லைன்னு எழுதிக் குடுத்துடறோம்."

அதிகாரிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"மேடம், அவசரப்படாதீங்க!" என்று பின்சீட்டில் துள்ளினார் இன்ஜினியர். "நம்ம போனும் இதே எடத்துலதான் கட் ஆகும். இது அச்சு அசல் நம்ம முறையேதான்!"